எக்ஸ்ரேயில் கறுப்பு வளையம், பாட்டிலில் பெயரில்லாத கேப்ஸ்யூல்

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு 52 வயது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கிறேன். போன வருடம் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்ததில் இடது பெருவிரலின் அடிமூட்டில் தசைநார் அறுந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். எலும்புக்குள் சின்ன ஆணி வைத்து நூலால் கட்டியிருப்பதாகவும், ஆணி தானாகக் கரைந்துவிடும் என்றும் சொன்னார்கள். இப்போது 14 மாதம் ஆகிறது. போன மாதம் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்தேன். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், உடைவு ஒன்றுமில்லை, ஆனால் ஆணி வைத்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிகிறது, எலும்பு கரைந்திருக்கிறது, ஆணியை எடுக்க வேண்டி வரலாம் என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை.

முன்பு நிறையப் பூ கட்டினால் பெருவிரல் வலிக்கும். கொழுந்தனார் ஒரு மூட்டுவலி கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்தார். அவரும் முழங்கால் வலிக்கு அதைத்தான் சாப்பிடுகிறார். பாட்டிலில் மூலிகை என்று மட்டும் போட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி போய்விட்டது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். நல்ல பசி, முகம்கூடப் பூசினாற்போல் ஆகிவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முன்பு 7.4 இருந்தது, இப்போது 8.9. எலும்பு கரைவது புற்றுநோயா? ஆணியை எடுத்தே ஆக வேண்டுமா? கால்சியம் பால்மாவு குடித்தால் எலும்பு வளருமா? தைப்பூசம் வருகிறது, பூ கட்டலாமா? — பூக்கடைக்காரர், பினாங்கு

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த கேப்ஸ்யூல், அதுதான் எனக்கு எக்ஸ்ரேயைவிட அதிகக் கவலை தருகிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எந்த மூலிகையும் மூட்டுவலியை இரண்டே நாளில் சுத்தமாகத் துடைத்து எடுப்பதில்லை. அப்படித் துடைத்தால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கூடவே பசி கூடியிருக்கிறது, முகம் ஊதியிருக்கிறது, மூன்று மாதத்தில் சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கிறது. பூசினாற்போல் ஆனது உடம்பு தேறிவிட்ட அடையாளம் என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு அது ஸ்டீராய்டின் கைவரிசையாகத் தெரிகிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து, மூலிகை என்றும் ஜாமு என்கிற மலாய் நாட்டு மருந்து என்றும் பெயர் போட்டு விற்கிற மருந்துகளைப் பற்றி நம் நாட்டுச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கிறது. அது சாதாரண மருந்தில்லை. ஆஸ்துமா முற்றியவர்களுக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் செய்கிற வேலையை டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராமே செய்துவிடும். உங்கள் கேப்ஸ்யூலில் அது எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. பரிசோதனை செய்யாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் நீங்கள் நடக்க வேண்டும்.

இதைப் படித்ததும் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மிக முக்கியமான விஷயம் இது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் நமக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தாமே சுரக்கின்றன. வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அவை சுரப்பதைக் குறைத்துவிடும். இந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு எந்தப் பக்கமிருந்தும் ஸ்டீராய்டு கிடைக்காது. கடுமையான அசதி, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் விழுவது, சர்க்கரை இறங்கிப்போவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நாளைக்கோ மறுநாளோ பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு, சர்க்கரைக்குப் போகும் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கே (கிளினிக் கெசிஹாத்தான்) போங்கள். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட்தான் கட்டணம். எப்போதிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, யார் கொடுத்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். காலையில் இரத்தத்தில் கார்டிசோல், அதாவது உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டின் அளவு பார்ப்பார்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதற்குள் வாந்தியோ மயக்கமோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இங்கே சட்டப்படி விற்கிற மருந்தில், மரபு மருந்தானாலும், எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். உங்கள் பாட்டிலில் இரண்டுமே இல்லையென்றால் மாநிலச் சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கலாம். விற்றவர் தெரிந்தவராயிற்றே என்று தயங்காதீர்கள். அவருக்கேகூட உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் இருக்கலாம்.

சரி, இனி அந்தக் கறுப்பு வளையம்.

பெருவிரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில் ஒரு தசைநார் இருக்கிறது. பூவைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கும்போது பெருவிரல் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் காப்பது அதுதான். அது முழுதாக அறுந்தால் பல நேரம் அறுந்த முனை பக்கத்திலுள்ள தசைப் படலத்துக்கு மேலே ஏறி மாட்டிக்கொள்ளும். 1962-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டெனர் என்ற மருத்துவர் இதை விளக்கினார். அப்படி மாட்டிக்கொண்டால் எத்தனை மாதம் மாவுக்கட்டுப் போட்டாலும் நார் எலும்பில் போய் ஒட்டாது. அதனால்தான் உங்களுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும். அறுந்த நாரை எலும்பில் பிடித்து வைக்க, எலும்பில் ஒரு துளை போட்டு, நூல் கோத்த சின்ன முளை ஒன்றை அதற்குள் இறக்குவோம். ஆங்கர் என்போம். கையில் வைப்பது ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும்.

இந்த ஆங்கர்களில் பல வகை உண்டு. எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது. டைட்டேனியம் என்றால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அதைச் சுற்றிக் கறுப்பு விழுந்தால் கவனிக்க வேண்டியதுதான். பீக் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கரையாது, ஆனால் எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது. அது உட்கார்ந்திருக்கும் இடம் வெறும் கறுப்புத் துளையாகத்தான் படத்தில் விழும். கரைகிற வகையும் அப்படியே. அதாவது, ஆபரேஷன் முடிந்த மறுநாளே படம் எடுத்திருந்தாலும் அங்கே ஒரு கறுப்புப் புள்ளி இருந்திருக்கும். அது எலும்பு கரைந்ததால் வந்ததில்லை, நாங்கள் துளை போட்டதால் வந்தது. நூலை மட்டுமே சுருட்டி முடிச்சாக்கி வைக்கிற புதிய வகையும் இருக்கிறது. அதிலும் படத்தில் துளைதான் தெரியும்.

கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பார்த்ததைச் சொன்னார், மேற்கொண்டு பார்க்கவும் சொன்னார். ஆனால் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு படம். அந்த வளையம் முதல் நாளிலிருந்தே அதே அளவில் இருக்கிறதா, 14 மாதத்தில் பெரிதாகியிருக்கிறதா என்பதை ஒற்றைப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பெருவிரல் மற்ற விரல்களைப்போல நேராக இருப்பதில்லை, சாய்ந்து இருக்கிறது. கையைக் கொஞ்சம் திருப்பி வைத்து எடுத்தாலே அதே துளை நீளமாகவோ அகலமாகவோ தெரியும்.

பெரிதாகியிருந்தால் ஏன் பெரிதாகிறது? காரணம் ஒன்றல்ல. துளை போடும்போது ட்ரில் சூடாகிறது. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடத்துச் செல்கள் கெட்டுவிடும், அந்த ஓரத்தை உடம்பு பிறகு அரித்து எடுத்துவிடும். முதல் சில வாரங்களில் நார் இழுக்க இழுக்க ஆங்கர் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசையும், அந்த அசைவும் துளையை அகலமாக்கும். மூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் துளை இருந்தால் மூட்டுத் திரவம் கசிந்து உள்ளே புகும்.

உங்களுடையது கரைகிற வகை என்பதால் நான்காவதாக இன்னொன்றும் உண்டு. இந்த வகை பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலத்தால் செய்யப்படுகிறது. உடம்பிலுள்ள நீர் அதை மெல்ல மெல்ல உடைக்கும். கடைசியில் லாக்டிக் அமிலமாகி, வேகமாக ஓடினால் நம் தசையில் உண்டாகிறதே அதே பொருள்தான், கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடைகிற வேகமும் உடம்பு அதை அப்புறப்படுத்துகிற வேகமும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் அமிலம் தேங்கும், துகள்கள் சேரும். வெள்ளணுக்கள் வந்து துகள்களை விழுங்கப் பார்க்கும். அந்தச் சண்டையில் எலும்பைக் கரைக்கிற செல்களும் தூண்டப்பட்டு, சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் கரையும். 1980-களின் நடுவில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில், உடைந்த கணுக்காலுக்கு உலோகத்துக்குப் பதில் பாலிகிளைகாலிக் அமிலத்தால் ஆன கரையும் கம்பிகளை வைக்கத் தொடங்கினார்கள். அது வேகமாகக் கரையும் பொருள். சில மாதங்களிலேயே சிலருக்கு அந்த இடம் வீங்கி நீர் கசிந்தது, படத்தில் எலும்பு கரைந்தும் தெரிந்தது. பிறகுதான் மெதுவாகக் கரையும் பாலிலாக்டிக் பக்கம் போனார்கள். அதன் பிறகு, அமிலத்தைத் தணிக்கவும் எலும்பு வளரப் பிடிமானம் கொடுக்கவும் கால்சியம் பாஸ்பேட்டைக் கலந்து செய்தார்கள். பிரச்சினை குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பாலிலாக்டிக் கரைந்து முடிய இரண்டு மூன்று வருடம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். ஆகவே உங்கள் விரலில் 14-ஆவது மாதத்தில் அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருப்பது ஆச்சரியமே இல்லை. கரைந்த பிறகும் துளையை எலும்பு முழுதாக நிரப்பும் என்று சொல்ல முடியாது. நார்த்திசு நிரம்பி நின்றுவிடுவதும் சகஜம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஆங்கருக்கு வேலை முதல் இரண்டு மூன்று மாதம்தான். அதற்குள் தசைநார் எலும்பின்மேல் ஒட்டி வளர்ந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் பெருவிரலைப் பிடித்து வைத்திருப்பது அந்த நார்தான், ஆங்கரில்லை. படத்தில் வளையம் இருந்தும் கை நன்றாக வேலை செய்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வலியில்லை, வீக்கமில்லை, பிடிப்பு உறுதியாக இருக்கிறது, வளையம் பெரிதாகவும் இல்லை என்றால் நான் கத்தியை எடுப்பதில்லை. சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

வேறொருவர் இதே கடிதத்தை எழுதியிருந்தால் இதோடு முடித்திருப்பேன். உங்களிடம் முடிக்க முடியாததற்குக் காரணம் அந்த கேப்ஸ்யூல். வலி போய்விட்டது என்று நீங்கள் சொல்வதை நான் முழுதாக நம்பிவிட முடியாது. நீங்கள் பொய் சொல்லவில்லை. ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் சிவப்பையும் மறைத்துவிடும், உள்ளே கிருமி இருந்தால்கூடக் கை சாதுவாகத் தெரியும். அதோடு அது எலும்பைக் கட்டுகிற செல்களை அடக்கிவைக்கும், சர்க்கரையை ஏற்றும், ஏறின சர்க்கரை கிருமிக்கு வசதி. கேப்ஸ்யூலுக்கு முன்பு, பூ கட்டினால் வலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அதை இப்போது பார்க்க வேண்டும்.

உங்கள் தொழிலும் எனக்கு நினைவிருக்கிறது. நாள் முழுக்க ஈரக் கை, ரோஜா முள், வாளியில் நின்ற தண்ணீர். முள் குத்தின வழியாக மெதுவாக வேலை செய்யும் சில பூஞ்சைகளும் காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளும் கைக்குள் போவதுண்டு. ஆபரேஷன் சமயத்தில் ஒட்டிக்கொள்ளும் தோல் கிருமிகளும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை. அப்படி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

இதற்கு முதலில் வேண்டியது ஸ்கேன் இல்லை, காகிதம். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போய் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேளுங்கள். பெட்டியிலிருந்து பிரித்த ஆங்கரின் ஸ்டிக்கரை அந்தக் குறிப்பில் ஒட்டி வைப்பது வழக்கம். என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் ஆபரேஷனுக்கு முன்பும், முடிந்த கையோடும் எடுத்த எக்ஸ்ரே படங்களைக் குறுந்தட்டில் கேளுங்கள். கொஞ்சம் கட்டணம் வாங்குவார்கள், பரவாயில்லை. உடம்புக்குள் ஒரு பொருளை வைத்து அனுப்பும்போது அது என்ன பொருள் என்பதை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி நோயாளி கையில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆணி கரைந்துவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஒரு வருடம் கழித்து எங்கோ ஒரு கிளினிக்கில் நீங்கள் இப்படிப் பயந்துபோய் உட்கார வேண்டியிருக்கிறது.

இவற்றோடு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போகலாம். அவருக்கு உங்கள் விரல் உள்ளே எப்படி இருந்தது என்று தெரியும். செலவு தாங்காதென்றால் கிளினிக்கில் ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு பொது மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போங்கள். நிபுணர் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்க ஒவ்வொரு முறைக்கும் 5 ரிங்கிட்தான். காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் கடிதத்தில் சர்க்கரை, ஸ்டீராய்டு சந்தேகம், ஆங்கரைச் சுற்றி எலும்பு கரைவு என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், அவசரத்தை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அங்கே முதலில் உங்கள் கையைப் பார்ப்பார்கள். பெருவிரலை நேராகவும், கொஞ்சம் மடக்கியும் வைத்துப் பக்கவாட்டில் சாய்த்து, வலது கையோடு ஒப்பிடுவார்கள். வலதைவிட அதிகமாகச் சாய்ந்தால் நார் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இதை வீட்டில் நீங்களே செய்து பார்க்காதீர்கள். கிள்ளும் பலத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். பழைய படத்துக்குச் சமமான கோணத்தில் புதிய எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன். துளையின் உண்மையான அளவையும், மூட்டின் குருத்தெலும்பை அது தொடுகிறதா என்பதையும் எக்ஸ்ரேயைவிட சிடி தெளிவாகக் காட்டும். எம்ஆர்ஐ, சீழ் அல்லது நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க உதவும். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் சோதனைகளைப் பார்ப்பார்கள். அவை சரியாக இருந்தாலும் கிருமியே இல்லை என்று எழுதிவிட முடியாது, அதிலும் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு.

புற்றுநோயா என்று கேட்டீர்கள். ஆங்கர் வைத்த இடத்தையே சுற்றி வட்டமாக வருவது புற்றுநோயின் வழக்கமில்லை. கை எலும்பில் புற்றுநோயே அபூர்வம். கரையும் ஆங்கர் புற்றாக மாறுவதும் இல்லை. கை எலும்புகளில் அதிகம் பார்க்கிற கட்டி என்காண்ட்ரோமா என்கிற குருத்தெலும்புக் கட்டி. படத்தில் அதுவும் கறுப்பாகத்தான் விழும், ஆனால் அது சாதுவான கட்டி. அப்படி ஒன்று முன்பே இருந்ததா என்பதை ஆபரேஷனுக்கு முந்திய படம் சொல்லிவிடும். பழைய படங்களைத் தேடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பயத்தை நீங்கள் இறக்கி வைக்கலாம்.

ஆங்கரை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வளையம் படத்துக்குப் படம் பெரிதாகிறது, ஸ்டீராய்டு குறைந்ததும் வலியும் வீக்கமும் திரும்புகின்றன, தழும்பில் நீரோ சீழோ கசிகிறது, மூட்டை அசைக்கும்போது உள்ளே உரசுகிறது, நார் தளர்ந்துவிட்டது, இப்படி ஏதாவது இருந்தால்தான் திரும்பத் திறக்க வேண்டும். விரல் எலும்பின் அடிப்பகுதி சின்னது. அதில் பாதிக்கு மேல் வெற்றிடமானால் லேசான அடியில்கூட உடையலாம் என்பதையும் மனத்தில் வைத்து முடிவெடுப்பார்கள். திறந்தால், மிச்சமிருக்கும் ஆங்கர் துகள்களைச் சுரண்டி எடுத்து, குழியை மணிக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள முன்கை எலும்பிலிருந்து எடுத்த பஞ்சு எலும்பால் நிரப்புவோம். எடுத்த திசுவைக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவோம். அப்போது பூஞ்சைக்கும் காசநோய்க் குடும்பத்துக் கிருமிக்கும் சேர்த்துச் சோதிக்கும்படி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்தச் சோதனை முடிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாரும் போயிருந்தால் முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் புதிதாகக் கட்டலாம். எச்பிஏ1சி 8.9-ல் இருக்கும்போது அவசரமில்லாத ஆபரேஷனைச் செய்ய எந்த டாக்டரும் விரும்பமாட்டார், முதலில் அது இறங்க வேண்டும். கேப்ஸ்யூல் குறையக் குறைய சர்க்கரையும் இறங்கும் என்பதால் சர்க்கரை மாத்திரையின் அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

கால்சியம் பால்மாவைப் பொறுத்தவரை, வாங்கி வைத்ததைக் குடியுங்கள், சர்க்கரை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று டப்பாவில் பார்த்துவிட்டு. ஆங்கரைச் சுற்றிய குழியை அது நிரப்பாது. அது அந்த ஓர் இடத்தின் பிரச்சினை, உடம்பில் கால்சியம் குறைந்ததால் வந்ததில்லை. ஆனால் உங்கள் வயதில், மாதவிடாய் நிற்கிற காலத்தில், மூன்று மாதம் ஸ்டீராய்டும் சாப்பிட்டிருந்தால் உடம்பு முழுக்க எலும்பு மெலிவது தனிக் கவலை. அதற்கு எலும்பு அடர்த்திச் சோதனை செய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நெத்திலி, தயிர், கீரை, காலை வெயில் எல்லாம் அதற்கு உதவும்.

மணிக்கட்டில் இதே மாதிரி ஆங்கர் வைத்துக்கொண்டவர்களும் இதைப் படிப்பார்கள். பேட்மிண்டன் விளையாடிச் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு நார் கிழிந்து தைத்தவர்களுக்கும் ஆங்கரைச் சுற்றி இந்த வளையம் வரும். அவர்களுக்கும் இதே விதிதான். முதல் படத்தோடு ஒப்பிடாமல் பயப்படவும் வேண்டாம், வலி திரும்பினால் சும்மா இருக்கவும் வேண்டாம்.

பூ கட்டலாமா? மல்லிகையும் கனகாம்பரமும் கட்டுவதில் பெருவிரலுக்கு வருகிற பாரம் குறைவு, நார் உறுதியாக இருந்தால் கட்டலாம். டாக்டர் பார்க்கும்வரை மணிக்கணக்கில் தொடர்ந்து கட்டாமல் இடையிடையே கைக்கு ஓய்வு கொடுங்கள். துணி பிழிவது, இறுகின மூடியைத் திருகுவது, பூக்கூடையைப் பெருவிரலில் மாட்டித் தூக்குவது, கனமான தேர் மாலைக்குக் கட்டும் நாரை இழுத்து இறுக்குவது இதெல்லாம் இப்போது வேண்டாம். இந்தத் தைப்பூசத்துக்குப் பெரிய மாலைகளை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ரோஜாவைக் கையாளும்போது மெல்லிய கையுறை போடுங்கள், முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெருவிரலை மட்டும் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் என்கிற தாங்குகட்டு ஒன்று கிடைக்கும். மருத்துவமனையின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் உங்கள் கை அளவுக்கே செய்து தருவார்கள், பாரமான நாட்களில் அதைப் போட்டுக்கொள்ளலாம். உருட் என்கிற மலாய் மசாஜுக்கு மட்டும் கையைக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே எலும்பு மெலிந்திருக்கிறதா என்று தெரியாத விரலை இழுத்து நீவுவது ஆபத்து.

கொழுந்தனாரும் அதே கேப்ஸ்யூலைச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நாளாக என்று நீங்கள் சொல்லவில்லை, உங்களுக்கு முன்பிருந்தே சாப்பிடுகிறார் என்று தெரிகிறது. அவரும் திடீரென்று நிறுத்தக்கூடாது. கிளினிக்குப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வர மறுத்தால், இந்தப் பதிலில் கேப்ஸ்யூலைப் பற்றி எழுதியிருப்பதை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.